மகளுக்கு வந்த துவக்கு

போன மாதக் கடைசி ஞாயிறு, மாமா பழைய கட்டில் விரிப்பில் சுற்றிய நீளமான சாமான் ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்தார். மாமா என்றால் மனைவியின் அப்பா. சுவிஸ்காரர். சூரிச் மாநிலத்தில் மலைப்பக்கமாக உள்ள ஒரு கிராமத்தில் பிறந்து, அங்கேயே தச்சுவேலை செய்து, அங்கேயே ஓய்வும் எடுத்துக்கொண்டிருப்பவர், வயது 79. விரிப்பைப் பிரித்தால் உள்ளே கரபீனர் 31, சுவிஸ் படையின் பழைய துவக்கு. அதன் போல்ட், அதாவது ரவையைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டுகிற இரும்புத் துண்டு, தனியாக இன்னொரு பையில், துணியில் சுற்றி இருந்தது. மூன்றாவதாக ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் நிரப்பாத படிவம். "முதலில் இதை எழுதுவோம், கோப்பி பிறகு" என்றார். மனிசன் கோப்பியைப் பின்போட்டதை நான் இருபது வருடத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

துவக்கு என்றுதான் எழுதப்போகிறேன். துப்பாக்கி என்று எழுதினால் எனக்கு அது படத்தில் வருகிற சாமான் மாதிரி இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் துவக்கு என்றுதான் சொன்னோம், சிங்களத்திலும் துவக்குவ என்றுதான் சொல்வார்கள், அந்தச் சொல்லில் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் பிரச்சினை இருக்கவில்லை. மகள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படித்த காலத்தில், "பாட்டைத் துவக்கு" என்று ஆசிரியை சொன்னதற்கு விழுந்து விழுந்து சிரித்துவிட்டு வந்தாள். பாட்டுக்கு எதற்குத் துவக்கு என்று அவளுக்கு விளங்கவில்லை.

இந்தத் துவக்கு 1937-இல் பேர்ண் நகரத்து அரசாங்க ஆயுதத் தொழிற்சாலையில் செய்தது. மாமாவின் அப்பாவுக்கு இருபது வயதில் படைப் பயிற்சியின்போது கொடுத்தது. இங்கே படை என்றால் முழுநேரப் படை இல்லை, ஊரில் இருக்கிற ஆம்பிளைகள் எல்லோரும் வருடத்தில் சில கிழமை போய் வருகிற படை, ஆகவே சீருடையும் துவக்கும் வீட்டு அலுமாரியில்தான் இருக்கும். 1939 செப்டம்பர் 2ஆம் திகதி நாடு முழுக்க ஆட்களைக் கூப்பிட்டபோது அவர் பசுமாட்டை மனைவியிடம் விட்டுவிட்டு இதைத் தோளில் போட்டுக்கொண்டு ரைன் ஆற்றுக் கரைக்குக் காவலுக்குப் போனார். யுத்தம் முடியும்வரைக்கும் போய்ப் போய் வந்தார். சண்டை இந்தப் பக்கம் வரவில்லை. சேவைக்காலம் முடிந்தபோது, விருப்பமானவர்கள் துவக்கைச் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம் என்ற வழக்கப்படி இதை அவருக்கே கொடுத்துவிட்டார்கள். இனி இது தனியாருடையது என்பதற்கு அடையாளமாக இரும்பில் ஒரு 'பி' எழுத்து அடித்திருக்கிறது. மாமாவின் காலத்தில் வேறு துவக்கு வந்துவிட்டது, 1957ஆம் ஆண்டு மாதிரி, அதை அவர் சேவை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார். "அது அரசாங்கத்தின் சாமான். இது அப்பாவுடையது" என்பார்.

கணக்குப் பார்த்தால் துவக்குக்கு எண்பத்தெட்டு வயது ஆகிறது. இவ்வளவு வருடத்தில் பல்லாயிரம் தடவை வெடித்திருக்கும், எல்லாமே கடதாசி அட்டைக்கு. ஒரு மனிதனை நோக்கி ஒருதரம்கூட இல்லை. மாமா இதை ஒரு பெருமையாகச் சொல்லவே இல்லை, நான் கேட்டபோது "ஆரைச் சுடுறது?" என்று திருப்பிக் கேட்டார். எனக்கு அதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் கதை வரவில்லை.

என் பக்கத்துக் கதையையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இது ஏதோ சுவிஸ் சுற்றுலாக் கட்டுரை மாதிரி ஆகிவிடும். 1987-இல் எனக்குப் பதினொரு வயது. வீட்டுச் சோதனைக்கு வந்தார்கள். எந்த ஆமி என்று எழுதப்போவதில்லை, அந்த வருடங்களில் ஒரு கூட்டம் போய் இன்னொரு கூட்டம் வந்தது, துவக்கு மட்டும் மாறாமல் எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. அப்பாவை முற்றத்தில் முழங்காலில் இருத்தி, ஒருவன் துவக்குச் சோங்கால், அதுதான் அதன் பின்பக்கத்து மரத்தால், தோளில் இடித்துக்கொண்டே கேள்வி கேட்டான். என் நெஞ்சுக்கு நேரே இன்னொரு குழல். பிடித்திருந்தவனுக்கு இருபது வயதுகூட இருக்காது, அவனுக்கும் கை நடுங்கியது, அதுதான் எனக்குக் கூடப் பயம். அம்மா காதுக்குள் சொன்னது இன்றைக்கும் கேட்கும்: "கண்ணை மூடிக்கொண்டு இரு. திறக்காதை." நான் மூடிக்கொண்டிருந்தேன். அப்பா பிழைத்துக்கொண்டார். தோள் மட்டும் கடைசிவரைக்கும் சரிவரவில்லை, சைக்கிளில் கைபிடியைத் திருப்ப முடியாமல் நெடுக வேலிக்குள் விடுவார்.

1992-இல் நான் இங்கே வந்தேன், பதினாறு வயது. சமையலறையில் கோப்பை கழுவியதும் அகதி அட்டையும் எல்லோருக்கும் தெரிந்த கதை, அதை விட்டுவிடுகிறேன். 2003-இல் முதல்முறையாக மனைவியின் (அப்போது சிநேகிதி) வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது, கோட் கொழுவ அலுமாரியைத் திறந்தால் குடைகளுக்கும் பனிச்சறுக்குக் கட்டைகளுக்கும் நடுவே இந்தத் துவக்கு நிற்கிறது. நான் கோட்டைக் கொழுவாமல் அதைப் போட்டபடியே இருந்து சாப்பிட்டேன். அவர்கள் எனக்குக் குளிர்கிறதாக்கும் என்று நினைத்து ஹீற்றரைக் கூட்டிவிட்டார்கள். வியர்த்து ஊற்றியது.

மாமா அன்றைக்கே, நல்லெண்ணத்தில்தான், அடுத்த சனிக்கிழமை சுடுதிடலுக்கு வா என்று கூப்பிட்டார். இந்த ஊர்களில் தேவாலயத்துக்கு அடுத்தபடியாகச் சுடுதிடல்தான். ஒரு மரவீடு, உள்ளே சாப்பாட்டுக்கடை, வெளியே முந்நூறு மீட்டர் புல்வெளி, அந்தப் பக்கம் குறி அட்டைகள். மருமகனாக வரப்போகிறவனைக் கூட்டிப்போவது ஒரு மரியாதை. பிறகு ஒரு நாள் அவரே டெலிபோன் எடுத்து, மிகவும் வெட்கப்பட்டுக்கொண்டு, வரமுடியாது என்றார். திடலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இங்கே ஆயுதச் சட்டத்தின் கீழ் ஒரு பட்டியல் இருக்கிறது, சில நாட்டுக் குடிமக்கள் இங்கே ஆயுதம் வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது, சுடவும் கூடாது. செர்பியா, கொசோவோ, துருக்கி, அல்பேனியா, அல்ஜீரியா என்று போகிற அந்தப் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. இன்றைக்கும் இருக்கிறது. அவர் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். நான் டெலிபோனை வைத்துவிட்டுச் சிரித்தேன். துவக்குக்குப் பயந்து ஓடிவந்தவனைப் பார்த்து, நீ துவக்கைத் தொடக்கூடாது என்று ஒரு நாடு சட்டம் போட்டு வைத்திருக்கிறது, எனக்கு அதைவிடப் பெரிய நிம்மதி என்ன? ஆனால் உண்மையைச் சொன்னால், சிரித்து முடிய எங்கேயோ ஒரு இடத்தில் குத்தியது. பயந்தவனையும் பயப்படுத்தினவனையும் ஒரே கடவுச்சீட்டுக்காக ஒரே வரிசையில் நிறுத்திவிட்டார்களே என்று.

கல்யாணம் முடிந்து 2008-இல் எனக்குச் சுவிஸ் குடியுரிமை கிடைத்தது. பட்டியலில் இருந்து நான் தப்பிவிட்டேன். மாமா திரும்பவும் கூப்பிட்டார். வேலை இருக்கிறது என்றேன். அடுத்த வருடமும் கூப்பிட்டார், முதுகு நோ என்றேன். பிறகு விட்டுவிட்டார்.

2011 பெப்ரவரியில் வீட்டில் இருக்கிற துவக்குகளைப் பற்றி ஒரு வாக்கெடுப்பு வந்தது. படைத் துவக்குகளை வீட்டில் வைக்காமல் ஆயுதக் கிடங்கில் வைக்கவேண்டும் என்று கேட்டது. நான் வாக்களித்த முதல் சில வாக்கெடுப்புகளில் அது ஒன்று, ஆம் என்று எழுதினேன். மாமி, அதாவது மாமாவின் மனைவி, அவரும் ஆம். மாமா இல்லை. 56.3 வீதம் பேர் இல்லை என்று எழுதி அது தோற்றது. அன்று பின்னேரம் மாமி சாப்பாட்டு மேசையில் மாமாவிடம் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. மாமியின் அண்ணன் ஒருவர் வீட்டுத் துவக்கால் தன்னை முடித்துக்கொண்டவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். ஆகவே இந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் துவக்கு ஒரே மாதிரி விருப்பம் என்று யாரும் நினைக்கவேண்டாம். அந்த வாக்கெடுப்புக்கு அடுத்த கிழமைதான் மாமா துவக்கை அலுமாரியில் இருந்து எடுத்துப் படுக்கையறைக்குக் கொண்டுபோய்ப் பூட்டி, போல்ட்டைக் கழற்றி நிலவறையில் ஊறுகாய்ப் போத்தல்களுக்குப் பின்னால் வைத்தார். தோற்றது மாமியின் பக்கம்தான், ஆனாலும் வைத்தார். அவரைப் பற்றி எனக்கு மரியாதை கூடியது அந்தக் கிழமைதான்.

சரி, மகளுக்கு வருவோம். சூரிச்சில் செப்டம்பர் மாதம் இரண்டாவது வார இறுதியில் க்னாபன்ஷீசன் என்று ஒரு திருவிழா. பெயருக்குப் பெடியள் சுடுவது என்று அர்த்தம், 1991-இல் இருந்து பெட்டைகளும் சுடலாம். சனி தொடங்கித் திங்கள்வரை. திங்கள் நகரத்தில் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை, பல கடைகளை அரைநாளோடு மூடுவார்கள். பதின்மூன்றில் இருந்து பதினேழு வயதுவரைக்கும் உள்ள பிள்ளைகள் அல்பிஸ்குவெட்லி திடலில் வரிசையில் நின்று, படை பாவிக்கிற அதே 1990ஆம் ஆண்டு மாதிரித் துவக்கால், முந்நூறு மீட்டரில் ஐந்து வெடி வைப்பார்கள். ஆகக்கூடிய புள்ளி 35. பக்கத்தில் இராட்டினம், இனிப்புக் கடை, வறுத்த சொசேஜ் மணம். நல்லூர்த் திருவிழாவில் கச்சான் கடைகளுக்கு நடுவே பிள்ளைகளைக் குப்புறப் படுக்கவைத்துத் துவக்குக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

மகள் 2009-இல் பிறந்தவள். 2022-இல் பதின்மூன்று. வகுப்பில் இருக்கிற அரைவாசிப் பிள்ளைகள் போகினம், நானும் போகிறேன் என்றாள். நான் இல்லை என்றேன். மனைவி, "ஏன்?" என்றாள். எனக்கு ஏனென்று தெரியும், ஆனால் சாப்பாட்டு மேசையில் ஜெர்மன் மொழியில் சொல்ல வரவில்லை, தமிழில் சொல்லியிருந்தால் மகளுக்கு மட்டும் விளங்கியிருக்கும், அதுவும் வேண்டாம் என்று பேசாமல் இருந்துவிட்டேன். பேசாமல் இருந்தால் சம்மதம் என்று இங்கேயும் எடுத்துக்கொள்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் இருக்கிற அம்மாவுக்கு மகளே வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டாள். அம்மா என்னை வாங்கு வாங்கென்று வாங்கினா.

"உனக்கென்ன விசரே? பிள்ளைக்குத் துவக்குப் பழக்கிறியோ?"

"நான் பழக்கேல்லை அம்மா, அவளின்ரை தாத்தா பழக்கிறார்."

"எந்தத் தாத்தா? அந்தத் தச்சுவேலைக்காரரோ? நல்ல மனிசன் எண்டெல்லோ சொன்னனீ."

நல்ல மனிசன்தான் அம்மா என்று சொல்ல முதல் அவா வைத்துவிட்டா.

மகள் மாமாவை குரோஸ்பாபி என்று கூப்பிடுவாள். அந்தக் குரோஸ்பாபி ஆடி மாதம் தொடங்கி ஆறு கிழமை பழக்கினார். ஆறு கிழமையும் ஒரு ரவைகூட இல்லை. வெறும் துவக்கு, நிலவறை, தரையில் ஒரு பாய். நான் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு மேலே மாமியோடு இருந்து கோப்பி குடிக்கலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு படியில் இருந்து பார்த்தேன். பிறகு படியிறங்கி வாசலில் நின்று பார்த்தேன்.

முதல் நாள் முழுக்க அவர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லிக் கொடுத்தார்: குழல் எங்கே பார்க்கிறது. துவக்கை எடுக்கும்போது, வைக்கும்போது, திரும்பும்போது, இருமும்போது, யாராவது கூப்பிடும்போது. வெறும் துவக்குத்தான், போல்ட்கூட உள்ளே இல்லை, அந்தப் பக்கத்தால் பார்த்தால் இந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியும், அப்படி இருந்தும் அவள் என் பக்கம் திரும்பி "அப்பா, தண்ணி" என்று கேட்டபோது குழலும் கூடத் திரும்பிவிட்டது. அவ்வளவுதான். மாமா துவக்கை வாங்கி வைத்துவிட்டு, இன்றைக்குக் காணும் என்று சொல்லி விளக்கை அணைத்தார். சத்தம் போடவில்லை. அவள் அழுதுகொண்டு மேலே வந்தாள். எனக்கோ கால் நடுங்கியது, அந்தக் குழல் என்னைத் தாண்டிப் போனது அரைச் செக்கன்கூட இருக்காது, ஆனால் நான் முற்றத்துக்குப் போய் வந்துவிட்டேன்.

அடுத்த கிழமையில் இருந்து அவள் பிழை விடவில்லை. நிலவறைக்கு மேலே நேராக அவர்களின் குசினி, மாமி நடமாடுகிற சத்தம் கேட்கும், ஆகவே மேலேயும் காட்டக்கூடாது. ஒரு மூலை, கல்லுச் சுவர், அதற்குப் பின்னால் மண். அந்த ஒரு திசைதான். பிறகு படுக்கிற விதம், இடது முழங்கை எங்கே, சோங்கைத் தோளில் எவ்வளவு இறுக்குவது, கன்னம் மரத்தில் எங்கே படுவது. கரபீனரின் விசையில் இரண்டு கட்டம் இருக்கிறது, முதலில் லேசாக வந்து ஓரிடத்தில் நிற்கும், அதற்கு மேல் மெதுவாக அழுத்தினால்தான் விழும். அந்த நிற்கிற இடத்தில் அவள் மூச்சைப் பாதி விட்டுவிட்டுக் காத்திருக்கவேண்டும். குழலின் நுனியில் ஐந்து ராப்பன் காசை வைத்து, விசை விழும்போது காசு விழக்கூடாது என்பார். ஐந்து ராப்பன் இங்கே ஆகச் சின்னக் காசு, மஞ்சள் நிறம். மூன்றாம் கிழமை காசு இருபதில் நான்குதரம் நின்றது. ஆறாம் கிழமை இருபதில் பதினேழு. அவள் அந்தக் காசைப் பென்சில் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள்.

மாமா வேறொன்றும் சொன்னதில்லை. வீரம், நாடு, முப்பாட்டன் என்று ஒரு சொல்லும் இல்லை. நான் அதற்குத்தான் காத்துக்கொண்டு நின்றேன், உண்மையில். சொன்னால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று. எங்களின் ஊரில் ஒரு பிள்ளையின் கையில் துவக்கு வருமுன்னம் பேச்சுத்தான் வரும், பேச்சும் பாட்டும் கொடியும். இந்த மனிசன் என்னவென்றால் முழங்கையைப் பற்றியும் எண்ணெயைப் பற்றியும் மட்டும் கதைக்கிறார்.

க்னாபன்ஷீசனில் அவளுக்கு 27 புள்ளி வந்தது. பரிசு எடுக்கிற அளவு இல்லை. அவளோடு போன ஒரு பெடியன், அதற்கு முன் துவக்கையே காணாதவன், 31 எடுத்தான், அதைப் பற்றி இரண்டு நாள் பொருமினாள். எனக்கு அந்த நாளில் ஞாபகம் இருப்பது சத்தம்தான். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் வெடி வைக்கிற சத்தம் வரிசைக்குப் பின்னால் ஒரு கூரைக்குள் அடைபட்டு நெஞ்சில் இடிக்கும். எல்லோருக்கும் காதில் பமீர் போடுவார்கள், காது மூடி, இங்கே அதன் பெயரே அப்படித்தான். நான் பமீரைப் போட்டுக்கொண்டு, சொசேஜ் வாங்குகிற வரிசையில், சுடுகிற பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். மகள் சுட்டதை நான் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இதைத் தமிழில் எழுதுவதால் அவளுக்கு வாசிக்க நேரம் எடுக்கும்.

பதினைந்து வயதில் இளையோர் பயிற்சி வகுப்பில் சேர்ந்தாள். அதற்குத் துவக்கும் ரவையும் அரசாங்கமே கொடுக்கிறது. கரபீனரால் உண்மையாக வெடி வைத்ததும் அந்த வருடம்தான், மாமா பக்கத்தில் இருந்தார். ஜிபி 11 என்று அதற்கென்றே உள்ள ரவை, ஏழரை மில்லிமீட்டர், 1911-இல் இருந்து ஒரே அளவு. முதல் வெடியிலேயே தோள் நீலம் பிடித்துவிட்டது. போன வருடம் ஃபெல்ட்ஷீசன் என்ற சுடும் விழாவுக்கும் அந்தத் துவக்கையே கொண்டுபோனாள். அது நாடு முழுக்க ஒரே நேரத்தில் நடக்கிறது, இலட்சத்துக்கு மேல் ஆட்கள், பதினெட்டு வெடி, ஆகக்கூட 72 புள்ளி. அவளுக்கு 58. மற்றவர்கள் எல்லோரும் புதுத் துவக்கோடு நிற்க, இவள் ஒவ்வொரு வெடிக்கும் போல்ட்டை நேராகப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளிக்கொண்டு கிடந்தாள். பக்கத்தில் படுத்திருந்த கிழவர் ஒருவர், தன் முறை முடிந்தும் எழும்பாமல், "என்னுடைய அப்பாவும் இதைத்தான் வைத்திருந்தார்" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

இந்த மாசியில் மாமாவுக்குத் தோளில் சத்திரசிகிச்சை. அதே வலது தோள், என் அப்பாவுக்கும் வலது தோள்தான். இனிக் குப்புறப் படுத்துத் துவக்குப் பிடிக்க முடியாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

படிவம் எழுதினோம். மகளுக்குப் பதினெட்டு ஆகாதபடியால் இப்போதைக்கு அது மனைவியின் பெயருக்கு மாறுகிறது, பதினெட்டு ஆனதும் அவளுக்கு இன்னொரு படிவம். இந்த மாதிரித் துவக்குக்குப் பொலிஸ் அனுமதி தேவையில்லை, எழுத்தில் ஒப்பந்தம் காணும், ஆனால் ஒரு பிரதியை முப்பது நாளுக்குள் மாநில அலுவலகத்துக்கு அனுப்பவேண்டும், ஒப்பந்தத்தைப் பத்து வருடம் பத்திரமாக வைத்திருக்கவேண்டும். அப்பாவிடம் இருந்து மகள் வாங்குவதற்கும் பெயர், பிறந்த திகதி, முகவரி, அடையாள அட்டை இலக்கம், துவக்கின் இலக்கம். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு துவக்கின் இலக்கத்தை மூன்றுதரம் வாசித்துச் சரிபார்த்தார். குடியுரிமை என்ற பெட்டி வந்தபோது மனைவி சுவிஸ் என்று எழுதினாள். மாமா என்னை ஒருதரம் பார்த்தார். இருபது வருடத்துக்கு முந்திய அந்த டெலிபோனை அவரும் மறக்கவில்லை என்று நினைக்கிறேன்.

பிறகு கோப்பி. பிறகு மாமா ஒரு திருகாணி முடுக்கி கேட்டார். சோங்கின் அடியில் இருக்கிற இரும்புத் தகட்டில் இரண்டு திருகாணி. கழற்றினால் உள்ளே சின்னதாக மடித்த ஒரு கடதாசி, மஞ்சளாகி ஓரம் தின்றுபோய். அவருடைய அப்பாவின் பெயர், படைப்பிரிவு, ஊர். அந்தக் காலத்துத் துவக்குகளில் சொந்தக்காரனின் விபரம் இப்படித்தான் இருக்குமாம். மகள் இதை அதுவரைக்கும் அறியாள். எத்தனையோ தரம் துடைத்தவள், எண்ணெய் போட்டவள், தகட்டைக் கழற்றிப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. கடதாசியை எடுக்காமல் குனிந்து குனிந்து பார்த்தாள். தன்னுடைய பெயரையும் எழுதி வைக்கலாமோ என்று கேட்டாள். மாமா, "பதினெட்டுக்குப் பிறகு" என்று சொல்லித் தகட்டைப் பூட்டிவிட்டார். அந்த மனிசனோடு இந்த விஷயத்தில் ஒரு நாளும் வாதாட முடியாது.

போன சனி மூன்று பேரும் திடலுக்குப் போனோம். மாமா பின்னால் ஒரு கதிரையில் தூரக்கண்ணாடியோடு இருந்தார். மகள் பத்து வெடி வைத்தாள், நன்றாகத்தான் பட்டது. பிறகு எழும்பி, பாயைக் காட்டி, "இப்ப நீங்கள்" என்றாள். தமிழில் சொன்னாள். சுற்றிவர ஆட்கள் நிற்கிற இடத்தில் அவள் என்னோடு தமிழில் கதைப்பது குறைவு.

முந்திச் சொன்ன முதுகு நோவை அங்கே சொல்ல முடியவில்லை. படுத்தேன். அவள் முழங்கையைத் தள்ளி வைத்தாள், சோங்கை இழுத்துத் தோளில் பொருத்தினாள். மரம் அவளின் கன்னச் சூட்டோடு இருந்தது. குறி அட்டை முந்நூறு மீட்டரில் ஒரு கறுப்புப் பொட்டு, அவ்வளவுதான், அதில் முகம் ஒன்றும் இல்லை. விசை ஓரிடத்தில் வந்து நின்றது. மூச்சைப் பாதி விட்டேன். வெடித்தது.

திரையில் பூச்சியம்.

இரண்டாவதும் பூச்சியம். மூன்றாவது எங்கே போனதென்று அந்த இயந்திரத்துக்கே தெரியவில்லை. மாமா பின்னால் இருமினார், அது சிரிப்பு என்று எனக்குத் தெரியும்.

மகள் என் முகத்துக்குக் கிட்டக் குனிந்து, பமீரின் ஒரு பக்கத்தைத் தூக்கி, காதுக்குள் சொன்னாள்:

"அப்பா, ஒவ்வொருக்காலும் கண்ணை மூடுறீங்கள்."

"இல்லை."

"ஓம். நான் பாத்தனான். சுட முதலே மூடுறீங்கள். திறந்துகொண்டு இருங்கோ."

இன்னும் இரண்டு ரவை உள்ளே இருந்தது. நான்காவதற்கும் மூடிவிட்டேன். ஐந்தாவது வெடியில், முதல்முறையாக, குழல் நுனியில் எழும்பின புகையைக் கண்டேன். ஒரு புள்ளி. மாமா அதைப் பென்சிலால் கடதாசியில் எழுதி, திகதி போட்டு, கையெழுத்தும் வைத்து என்னிடம் தந்தார், மூன்று பூச்சியம், இன்னொரு பூச்சியம், ஒன்று.

வீட்டுக்கு வரும்போது காரில் அம்மாவின் அழைப்பு வந்தது. எங்கே போனனீங்கள் என்று கேட்டா. பின்சீட்டில் இருந்து மகள் வாயைத் திறக்க முதல் நான் முந்திக்கொண்டு, "சும்மா, பிள்ளையின்ரை தாத்தா வீட்டை" என்றேன்.